புதுப்பிப்பு: ஏபி கால்குலஸ் வழிகாட்டி வாங்கிவிட்டோம்

மகளின் ஏபி கால்குலஸ் பிசி தேர்வுக்கு (அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலை நுண்கணிதத் தேர்வு) இரண்டு வழிகாட்டிகளில் எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மெலிந்ததையே வாங்கினோம். தடிமனானதில் கணக்குகள் அதிகம்தான், ஆனால் விடைகள் வெறும் எண்கள்; எங்கே தவறினோம் என்றே அவளுக்குப் புரியவில்லை. வாங்கியதில் ஒவ்வொரு படியும் இருக்கிறது. டெய்லர் தொடரின் பிழை வரம்பு (தொடரைப் பாதியில் நிறுத்தினால் விடை அதிகபட்சம் எவ்வளவு பிசகும் என்பது) அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டது.

அப்புறம், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு இலவசமாகத் தரும் பழைய விரிவான கேள்விகளையும் மதிப்பெண் விதிகளையும் எடுத்தோம். கேள்விக்கு 9 புள்ளிகள். இடைமதிப்புத் தேற்றத்தைப் (தொடர்ச்சியான சார்பு இரு மதிப்புகளுக்கு இடையிலுள்ள எல்லா மதிப்புகளையும் எடுக்கும் என்பது) பயன்படுத்தும்போது, சார்பு தொடர்ச்சியானது என்று எழுதாவிட்டால் புள்ளி போய்விடும். அந்த விதிகளைப் படித்த பிறகுதான் அவள் காரணங்களை எழுதவே தொடங்கினாள். இப்போது ஞாயிறுதோறும் 6 கேள்விகள், 90 நிமிடம்.