துருவில் இறுகிய அம்பாசிடர் நட்டுகளை உடைக்காமல் இளக்குவது எப்படி?

கேள்வி (மணவாளக்குறிச்சி)

அப்பா 1978-இல் வாங்கிய மார்க் 3 அம்பாசிடர், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் கொட்டகையில் 11 ஆண்டுகளாக நிற்கிறது. அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர, விடுமுறை நாட்களில் நானே வேலை செய்து வருகிறேன். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை வில்) அச்சோடு பிணைக்கும் யு போல்ட் நட்டுகள், ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிளின் நட்டுகள், எஞ்சின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகள் ஆகிய எவையும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு விட்டும் பார்த்துவிட்டேன். மேனிஃபோல்டில் ஒரு நட்டை 13 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனரால் பலங்கொண்ட மட்டும் திருப்பியதில் அதன் முனைகள் மழுங்கிவிட்டன. ஸ்டட் (நட்டு ஏறும், எஞ்சினில் பதித்த தலையில்லாத போல்ட்) ஒடிந்துவிடுமோ என்ற பயத்தில் அதன்பிறகு கை வைக்கவில்லை. அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி இது. எதையும் உடைக்காமல் கழற்ற வழி உண்டா?

பதில் (குளச்சல்)

நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். உப்புக் காற்றில் இறுகிய நட்டோடு மல்லுக்கட்டுவது எங்களுக்கு அன்றாடம் உள்ளது. தம்பி, முதலில் ஸ்பேனரை மாற்றுங்கள். பழைய அம்பாசிடரில் பெரும்பாலும் அங்குல அளவு நட்டுகள்தான். 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனர் ஏறிவிடும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். இறுகிய நட்டின் முனையைச் சீவிவிட அந்த ஆட்டமே போதும். உள்ளே ஆறு பட்டை உள்ள அங்குல பாக்ஸ் ஸ்பேனர் கைக்கு வரும்வரை அடுத்த நட்டைத் தொடாதீர்கள்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால், மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் நட்டு இறுகிவிடுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கின்றன. துருவில் ஊறிய உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. எனவே, வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய் விட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயிலையும் (ATF) அசிட்டோனையும் சம அளவில் சேர்த்து, விடும்போதெல்லாம் குலுக்கிக்கொள்ளுங்கள். நெருப்பு அருகில் இருக்கக் கூடாது. காலையும் மாலையும் சில துளிகள் என மூன்று நான்கு நாட்கள் விட்டு, ஒவ்வொரு முறையும் நட்டின் ஒரு பக்கத்தில் கனத்த சுத்தியலை அணைகொடுத்து, மறுபக்கத்தில் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

பிறகு முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அளவு அசைத்து, அதன்பின் இளக்குங்கள். கால் சுற்று வந்துவிட்டதே என்று ஒரே மூச்சில் சுழற்றிவிட வேண்டாம். திரும்பவும் எண்ணெய் விட்டு, சற்று இறுக்கி, சற்று இளக்கி முன்னேற வேண்டும். நான் ஒடித்த ஸ்டட்டுகளில் பெரும்பாலானவை, நட்டு இளகத் தொடங்கிய பிறகு அவசரப்பட்டு ஒடித்தவையே.

பதில் (மார்த்தாண்டம்)

குளச்சல் அண்ணன் சொன்ன முறை மற்ற நட்டுகளுக்குப் போதும்; மேனிஃபோல்டு நட்டுக்குச் சூடும் வேண்டியிருக்கும். கேஸ் வெல்டிங் தெரிந்தவரை அழைத்து, ஸ்டட்டில் படாமல் நட்டை மட்டும் மங்கிய சிவப்பு வரும்வரை சுடச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டில் 500 டிகிரி சூடு ஏறினால் துளை ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் அகலும். துருவின் பிடி விட அது போதும். சிவப்பு மறைந்ததும் மரையில் மெழுகுவர்த்தியை வைத்தால், உருகிய மெழுகு உள்ளே இழுபட்டுச் செல்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அம்பாசிடரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பதால், கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி அப்புறப்படுத்தி, விட்ட எண்ணெயை முழுவதும் துடைத்த பிறகே தீயைக் கொண்டுவர வேண்டும். மழுங்கிய நட்டின் மேல் சற்றுப் பெரிய நட்டை வைத்து வெல்டிங் செய்தால் ஸ்பேனருக்குப் புதிய பிடி கிடைக்கும்.

யு போல்ட்டுகளோடு போராடாதீர்கள். எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும் என்பதால், சேசிஸைத் தாங்கிகளில் உறுதியாக நிறுத்திவிட்டு, கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்க வேண்டாம். பெட்ரோல் டேங்க் பின்னால் இருப்பதால், தீப்பொறி பறக்கும் முன் அதை இறக்கிவிட வேண்டும். காலியான டேங்கிலும் ஆவி இருக்கும். ஷாக்கிளில் ரப்பர் புஷ் உள்ளதால் அங்கே சூடு வேண்டாம்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. கோட்டாற்றில் 1/2 அங்குல பாக்ஸ் ஸ்பேனர் கிடைத்தது. நான்காம் நாள் மாலை, முதல் ஷாக்கிள் நட்டு ‘டக்’ என்ற ஒலியோடு விட்டுக்கொடுத்தது. மரையின் ஓரத்தில் எண்ணெயோடு காப்பிப்பொடி நிறத்தில் துரு கசிந்தது. அதைக் கழற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, ஆனால் மரை சேதமில்லை. திரும்ப மாட்டும்போது மேனிஃபோல்டுக்கு எந்த நட்டு போடுவது நல்லது?

பதில் (குளச்சல்)

பித்தளை நட்டு போடுங்கள். அது ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது. மற்ற மரைகளுக்குச் செம்புக் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள்.