டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: தூரம் ஒன்றே, பயண நேரம் வேறா?

கேள்வி:
டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் செல்ல ஏறத்தாழ 10 மணி நேரம் எனவும், திரும்பி வர 12 மணி நேரத்தை நெருங்கும் எனவும் பயணச்சீட்டில் குறிப்பிட்டிருக்கிறார்கள். தூரம் ஒன்றாக இருக்க, இந்த வேறுபாடு ஏன்?

பதில் 1:
காற்றுதான் காரணம். இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 8,800 கிலோமீட்டர். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான காற்றோட்டம், போகும்போது விமானத்தைத் தள்ளிக்கொடுத்து, திரும்பும்போது எதிர்த்து நிற்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்தவரை ஒரு திசையில் 1,000, மறுதிசையில் 800 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். இருக்கைக்கு முன்னுள்ள திரையில் இதை நீங்களே பார்க்கலாம். குளிர்காலத்தில் இக்காற்று மேலும் வலுப்பெறும்.

பதில் 2:
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். தட்டையான வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே வளைந்து, அலாஸ்காவிலிருந்து மேற்கே நீளும் அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே செல்வதைக் காண்பீர்கள். அதுவே மிகக் குறுகிய வழி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மாலை 5 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாகவும் போட்டிருக்கிறதே, அது அச்சுப்பிழையா?

பதில் 1:
பிழையில்லை. வழியில் பன்னாட்டுத் தேதிக்கோட்டை, அதாவது தேதி மாறும் கற்பனைக் கோட்டை, கடக்கிறீர்கள். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டோக்கியோவைவிட 17 மணி நேரம் பின்தங்கியிருக்கும். திரும்பும் பயணத்தில் மறுநாள்தான் வந்து சேர்வீர்கள் என்பதால், அடுத்த முன்பதிவுகளைத் தேதி பார்த்துச் செய்யுங்கள்.