கிளைடு ஆறும் நியூ லனார்க் ஆலையும்

விக்கிரமசிங்கபுரத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

லீவுக்கு ஸ்காட்லாந்து வரும் நம்மவர்கள் எடின்பரோ கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மில் சங்கு கேட்டு வளர்ந்த நமக்கு, கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள நியூ லனார்க் கிராமத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

கிளைடு ஆறு இல்லையென்றால் அந்தக் கிராமமே கிடையாது. அங்கே வரிசையாக அருவிகள். கோரா லின் அருவி மட்டும் ஏறக்குறைய 26 மீட்டர் உயரம். அந்தத் தண்ணீர் வேகத்துக்காகத்தான் டேவிட் டேல் 1780களில் அந்தப் பள்ளத்தாக்கில் பஞ்சாலை கட்டினார். பாறையைக் குடைந்து ஆற்றுநீரை வாய்க்காலில் திருப்பி, ஆலைச் சக்கரங்களைச் சுற்றவிட்டார். ஆலைகளை ஒட்டி அந்த வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. பக்கத்தில் நின்றால் அந்தக் குளிர்ந்த தண்ணீரின் இழுப்பு தெரியும்.

1800 முதல் ஆலையை நடத்தியவர் டேலின் மருமகன் ராபர்ட் ஓவன். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தி, 1816இல் அவர்களுக்குப் பள்ளி திறந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

1968இல் ஆலை மூடியது. சனம் வெளியேற, கட்டடங்கள் பாழடைந்தன. 1974இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, வீடு வீடாகச் சீர்செய்து, மறுபடி குடிவைத்தார்கள். 2001இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மூன்றாம் எண் ஆலையில் அதே வாய்க்கால் தண்ணீர் இப்போது டர்பைனைச் சுற்றி மின்சாரம் தருகிறது. அருவிக்கு மேலேயும் 1920களிலிருந்து ஒரு நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் பிரிகிறது. அதனால் சாதாரண நாளில் அருவி கொஞ்சம் மெலிந்திருக்கும். மின் நிலையத்தை நிறுத்தி முழுத் தண்ணீரையும் அருவியில் விடும் நாட்கள் உண்டு, முடிந்தால் அப்போது வாருங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1880களில் நம் ஊரை ஒட்டிய பாபநாசத்தில் ஆலை வைத்ததும் தாமிரபரணியின் விசையை நம்பித்தான். நியூ லனார்க்கில் அந்தக் காலச் சம்பளக் கணக்கு, பள்ளி, குடியிருப்பு என எல்லாவற்றையும் பாதுகாத்துக் காட்டுகிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? லைன் வீட்டுப் படம், பழைய அடையாள அட்டை, தாத்தா சொன்ன ஷிப்டுக் கதை, எது இருந்தாலும் இந்த மடற்குழுவில் போடுங்கள். அண்ணாச்சிமார், அக்காமார், பெரியவர்களிடம் இந்த வாரமே போனில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். வந்ததையெல்லாம் தொகுத்து அடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.