அரை ரிங்கில் நின்றுபோகும் அழைப்புகள்: உங்கள் வீட்டிலும் உண்டா?

கமாயுட் மருமகள், ரங்கூன்

மூன்று வாரம் என்னை அலைக்கழித்த விஷயம் இது. நம்மில் பல வீடுகளில் இதே தொல்லை இருக்கும் என்று தோன்றுவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

அம்மா தட்டோனில் அக்கா வீட்டில் இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஆடி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அக்கா தினமும் சாயங்காலம் எனக்கு போன் போடுவாள். என் போன் அரை ரிங் அடிக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கப் போவதற்குள் நின்றுவிடும். திருப்பிக் கூப்பிட்டால், "ஏண்டி கட் பண்றே? அம்மாவப் பத்திப் பேசக்கூட உனக்கு நேரமில்லையா?" என்பாள். நான் கட் பண்ணவே இல்லை என்று சத்தியம் செய்தாலும் அவள் நம்பவில்லை. நான்காவது நாள் அவள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அந்த வாரம் அம்மாவுக்கு இரண்டு முறை தலைசுற்றல் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

முதலில் சிக்னல் என்று நினைத்தேன். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். நெட்வொர்க் ரீசெட் செய்ததில் வைஃபை பாஸ்வேர்டெல்லாம் அழிந்ததுதான் மிச்சம். பழுது பார்க்கும் கடையில் ஒரு தம்பி, "போர்டு போயிருக்கும், வைத்துவிட்டுப் போங்கள்" என்றான். அம்மா இருக்கும் நிலையில் போனைக் கொடுத்துவிட்டு வர மனசு வரவில்லை.

வழி காட்டியது கரண்ட் கட்தான். ஒரு நாள் ஆறரை மணிக்கு மின்சாரம் போனது. எங்கள் வீட்டு பேட்டரியில் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடும், வைஃபை பெட்டி ஓடாது. அந்த இருட்டில், கூப்பிடுவதை நிறுத்தியிருந்த அக்காவின் அழைப்பு வந்தது. முழுசாக அடித்தது. எடுத்துப் பத்து நிமிஷம் பேசினேன், அம்மாவும் பேசினார். மறுநாள் அதே நேரம் கரண்ட் இருந்தது, அரை ரிங்கில் நின்றது. அதற்கடுத்த நாள் கரண்ட் இல்லை, நன்றாக அடித்தது. பேசி முடித்துச் சற்று நேரத்தில் தெருப் பிள்ளைகள் "மீ லாபி! மீ லாபி!" (கரண்ட் வந்துவிட்டது) என்று பர்மியத்தில் கத்தினார்கள். வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அக்கா ஏதோ மறந்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். அரை ரிங், கட்.

அந்த நிமிஷம் கூடத்தை எட்டிப் பார்த்தேன். பாய் விரித்து என் மகள் ஐபேடில் 'அ, ஆ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். திரையின் மேல்பக்கம் கறுப்புப் பட்டையாக 'அக்கா தட்டோன்' என்று வந்து நிற்கிறது. பக்கத்தில் சிவப்பு வட்டம் ஒன்று, பச்சை வட்டம் ஒன்று. எழுதும் இடத்தை அது மறைக்கிறதே என்று குழந்தை விரலால் சிவப்பைத் தொட்டாள். பட்டை மறைந்தது. என் கையிலிருந்த போனும் அமைதியானது.

ஐந்து வயதுக் குழந்தையை என்ன சொல்ல முடியும்? அவள் தன் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். ஐபோனுக்கு வரும் சாதாரண சிம் அழைப்பு, அதே ஆப்பிள் கணக்கில் இருக்கும் ஐபேட், மேக், இன்னொரு ஐபோன் எல்லாவற்றிலும் சேர்ந்து அடிக்கும்படி ஒரு வசதி 2014-இல் ஐஓஎஸ் 8 வந்தபோதே வந்துவிட்டது. எல்லாக் கருவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எதில் கட் பண்ணினாலும் அழைப்பு மொத்தமாகக் கட்டாகும். வைஃபை பெட்டி அணைந்தால் கருவிகளுக்கு இடையே இருக்கும் பாலம் போய்விடுகிறது. இருட்டில் மட்டும் ஒழுங்காக அடித்தது அதனால்தான்.

என் வீட்டுக்காரர் பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்து, பாசிப்பயறு வியாபாரம் பார்க்கிறார். விலை கேட்டு அவரைக் கூப்பிடுகிறவர்கள் ராத்திரியில் என் போனிலும் அடிப்பதை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், போன் வாங்கிய கடையிலேயே ஒரே கணக்கைப் போட்டு மூன்று கருவிகளையும் தயார் செய்து கொடுத்திருக்கிறார்கள். நாமும் 'எல்லாம் போட்டுக் கொடுப்பா' என்று நீட்டிவிடுகிறோம், பிறகு பாஸ்வேர்டு என்ன என்றுகூடக் கேட்பதில்லை. இந்தப் பழக்கம்தான் எனக்கு மனசில் உறுத்துகிறது. கணக்கு என்பது வீட்டுச் சாவி மாதிரி. அதை வேறொருவர் செய்து கொடுத்தால், அதில் பதிந்த நம்பரையும் பாஸ்வேர்டையும் நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

உடனே செய்த வேலை: என் ஐபோனில் செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அதில் போன், அங்கே 'கால்ஸ் ஆன் அதர் டிவைசஸ்'. பழைய ஐஓஎஸ்ஸில் ஆப்ஸ் என்ற படி இருக்காது, செட்டிங்ஸிலேயே போன் இருக்கும். உள்ளே போனால் வீட்டுக் கருவிகள் வரிசையாக நிற்கும். மொத்தமாகவும் அணைக்கலாம், தனித்தனியாகவும் அணைக்கலாம். ஐபேட் பக்கத்திலிருந்தும் செய்யலாம்: செட்டிங்ஸ், (புதியதில் ஆப்ஸ்,) ஆப்பிளின் வீடியோ அழைப்பான ஃபேஸ்டைம், அங்கே 'கால்ஸ் ஃப்ரம் ஐபோன்' என்பதை அணையுங்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆளுக்கொரு கணக்கு போட்டோம். குழந்தைக்குத் தனியாக ஒரு பிள்ளைக் கணக்கு. 'ஃபேமிலி ஷேரிங்'கில் ஆறு பேர் வரை சேரலாம், வாங்கிய ஆப்களையும் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அழைப்புகள் கலக்காது. பழைய கணக்கிலிருந்து வெளியேறும்போது தொடர்பு எண்களின் பிரதியைப் போனில் வைக்கவா என்று கேட்கும். வையுங்கள். இல்லாவிட்டால் ஊர் உறவு எல்லா நம்பரும் போய்விடும்.

மோல்மேன் மாமா

நல்லா எழுதியிருக்கேம்மா. என் கதை வேறு, என்னிடம் ஆப்பிள் எல்லாம் கிடையாது, சாம்சங்தான்.

என் கடை வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் பெகுவில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் போகும். என் போன் ஒரு முறைகூட அடிக்காது. கைபேசிக் கோளாறு என்று ஃபேக்டரி ரீசெட் செய்தேன். சரியாகவில்லை. புது போனே வாங்கி அதே சிம்மைப் போட்டேன். அதிலும் அப்படித்தான். வீண் செலவு.

பிறகு மருமகன்தான் கேட்டான், "மாமா, போன வருஷம் தீர்த்த யாத்திரை போனப்போ என் நம்பருக்கு மாத்தி விட்டீங்களே, எடுத்தீங்களா?" என்று. எடுக்கவில்லை. விஷயம் என்னவென்றால், அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வேர்டிங் போனுக்குள் உட்கார்ந்திருப்பதில்லை, சிம் கம்பெனியின் நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கிறது. போனை மாற்றி என்ன பயன்? *#21# அழுத்திக் கூப்பிட்டால் எல்லா அழைப்பும் எங்கே திரும்புகிறது என்று காட்டும். எடுக்காதபோது எங்கே போகும் என்பதற்கு *#61#, போன் எட்டாதபோது *#62#, பிஸியாக இருக்கும்போது *#67#. ##002# அழுத்தினால் அத்தனையும் அழியும். எனக்கு அதோடு தீர்ந்தது. திருப்பிவிட்ட அழைப்புக்குக் காசு என் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது, அதைப் பேலன்ஸ் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

பிள்ளைகளே, ஒன்று கவனம். யாராவது கம்பெனி ஆள் போலப் பேசி, *21* அல்லது **21* என்று ஆரம்பிக்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்பெல்லாம் அவன் போனுக்குப் போய்விடும். வங்கியின் சரிபார்ப்பு அழைப்புகளும், இணையத்தில் பேசவும் செய்தி அனுப்பவும் உதவும் வைபர் செயலியின் சரிபார்ப்பு அழைப்புகளும் அதில் சேர்த்தி.

ஒரு காலத்தில் ரங்கூன் நடைபாதையில் மேசை போட்டு லேண்ட்லைன் வைத்திருப்பார்கள், நிமிஷக் கணக்கில் காசு கொடுத்துப் பேசுவோம். சிம் வாங்குவது பணக்காரர்களுக்கு மட்டும்தான். 2014-இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1500 கியாட்டுக்கு சிம் கொடுத்தபோது நான் வரிசையில் நின்று வாங்கிய நம்பர் இது. அதை விட மனசில்லை, அதனால்தான் இவ்வளவு பாடுபட்டேன்.

தட்டோன் தங்கச்சி

எனக்கு நடந்தது வைபரில். நம் ஊரில் பாதிப் பேச்சு வைபரில்தானே.

நான் முன்பு ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். அங்கே கம்ப்யூட்டரில் என் வைபரைத் திறந்து வைத்திருந்தேன். வேலையை விட்டு எட்டு மாதம் கழித்து, பழைய தோழி ஒருத்தி கேட்கிறாள், "உன் மாமியார் தினமும் மத்தியானம் கூப்பிடறாங்க போல, இங்க மேசையில அடிக்குது" என்று. எனக்குக் கை கால் உதறிவிட்டது. அடித்தது மட்டுமா, என் செய்திகளும் அந்தத் திரையில் வந்துகொண்டிருந்திருக்கின்றன.

வைபரில் ஒரு நம்பருக்கு ஒரு முதன்மை போன்தான். ஆனால் கம்ப்யூட்டர், டேப்லெட் கூடுதலாகச் சேரும், அழைப்பு அவற்றிலும் அடிக்கும். வைபர் செட்டிங்ஸில் அக்கவுன்ட், அதில் 'டெஸ்க்டாப்ஸ் அண்ட் டேப்லெட்ஸ்' பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் 'டீஆக்டிவேட்'. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்று இருக்கும், அதையும் பாருங்கள். நான் இப்போது மாதம் ஒரு தரம் பார்க்கிறேன்.

அக்கா, உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? அவர்கள் வீடு எந்தப் பக்கம் என்று சொன்னால் நான் போய்ப் பார்க்கிறேன்.

கோயில் தொண்டர், இன்செய்ன்

சுருக்கமாகச் சொல்கிறேன். என் போனில்தான் அடித்தது, ஆனால் சத்தம் வேறு இடத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கோயில் ஸ்பீக்கரில் ப்ளூடூத் வழியாகப் பாட்டு போட்டேன். மறுவாரம் நான் உள்ளே நுழைந்ததும் அது தானாக ஒட்டிக்கொண்டது, எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டாள். எடுத்தேன். அவள் அழுதுகொண்டு சொன்னது பிரகாரம் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போனை எப்படி நிறுத்துவது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் துக்கத்தை ஊருக்குக் கேட்கும்படி செய்துவிட்டோமே என்று இன்றும் வருத்தம்.

பேசும் திரையிலேயே ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் எந்தக் கருவியில் பேசுவது என்று கேட்கும், போனைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் அக்சசிபிலிட்டி, டச், 'கால் ஆடியோ ரூட்டிங்' போனால் நிரந்தரமாகவே மாற்றலாம். ஆண்ட்ராய்டில் அந்த ஸ்பீக்கரின் ப்ளூடூத் விவரத்தில் 'போன் கால்ஸ்' என்பதை மட்டும் அணைத்தால் போதும், பாட்டு பாடும், பேச்சு போகாது.

பெகு அம்மாள்

எனக்கு எழுபது வயசு. பேரன்தான் தட்டச்சு செய்கிறான். என் போனுக்கு வருவது மகன் போனில் அடிக்கிறது. இதில் எது என் வியாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கமாயுட் மருமகள், ரங்கூன்

வணக்கம் அம்மா. பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், ஐந்து நிமிஷம் போதும்.

முதலில் உங்கள் போனை முழுசாக அணைத்துவிட்டு, வேறு யாராவது போனிலிருந்து உங்கள் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் போன் அணைந்திருந்தும் மகன் போனில் அடித்தால் பெரும்பாலும் மோல்மேன் மாமா சொன்ன ஃபார்வேர்டிங்தான், *#21#, *#62# இரண்டையும் பாருங்கள். அப்போது அடிக்கவில்லை என்றால் போனை ஆன் செய்து, உங்கள் போனில் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள். இப்போது உங்களிடம் மட்டும் அடித்தால் எங்கள் வீட்டு வியாதிதான், ஒரே கணக்கு. வைபரில் வரும் அழைப்பு மட்டும் தப்பிப் போகிறது என்றால் தட்டோன் தங்கச்சி சொன்ன இடத்தைப் பாருங்கள். மகனும் நீங்களும் ஐபோன் என்றால் ஃபேஸ்டைம் தனியாக இருக்கிறது. அதில் எந்த நம்பரில், எந்த மின்னஞ்சலில் கூப்பிடலாம் என்று டிக் போட்டிருக்கும், மகன் போனில் உங்கள் நம்பருக்கு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தங்கச்சி, அம்மா இப்போது எழுந்து நடக்கிறார். நேற்று அக்கா கூப்பிட்டாள். ரிங் முழுசாக அடித்தது, நான் வேண்டுமென்றே மூன்று முறை அடிக்கவிட்டு எடுத்தேன். அம்மா பேசி முடித்துவிட்டுப் பேத்தியைக் கேட்டார். அவள் ஐபேடோடு ஓடிவந்து, தான் எழுதிய 'அம்மாயி'யைப் படித்துக் காட்டினாள். வீட்டு விலாசம் தனியாக அனுப்புகிறேன், போய்ப் பார்த்தால் அம்மா ரொம்ப சந்தோஷப்படுவார்.

பெகு அம்மா, நாளைக்குச் செய்து பார்த்துவிட்டு எது என்று எழுதுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் பக்கம் கரண்ட் இருக்கும், அப்போது வந்து பார்க்கிறேன்.