பழைய குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறார்கள்: கையெழுத்துப் போடும் முன் அம்மா என்ன கேட்க வேண்டும்?

மூன்றாம் மாடி

சென்னை மந்தைவெளிப் பக்கம், எழுபதுகளில் அரசு கட்டிக்கொடுத்த மாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. அதில் இப்போது அம்மா, தம்பி, தம்பி மனைவி, இரண்டு குழந்தைகள். கூரையில் கம்பி தெரிகிறது. போன ஐப்பசி மழையில் ஒரு துண்டுக் காரை, தூளிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதனால் இடிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சென்ற வாரம் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒரு படிவத்தை நீட்டினார்கள். காலி செய்தால் 24,000 ரூபாய் கருணைத் தொகை, பதினெட்டு மாதத்தில் இதே இடத்தில் புது வீடு என்றார்கள். படிவத்தைப் படித்துப் பார்த்தேன். பதினெட்டு மாதமும் இல்லை, இதே இடம் என்பதும் இல்லை. ஒதுக்கீட்டு ஆணை இன்னும் காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது.

அம்மா இருபத்திரண்டு வருடமாகப் படிக்கட்டுக்குக் கீழே இட்லி சுட்டு விற்கிறார். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் ஆட்டோக்காரர்களும்தான் வாடிக்கை. பாதிப் பேர் கணக்குச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை கொடுப்பார்கள். "எட்டாவது மாடியில் வீடு கிடைத்தால் நான் யாருக்கு இட்லி விற்பேன்?" என்று கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

திரும்பி வந்தவள்

தம்பி, எங்களுக்கும் ஒன்றரை வருடம் என்றுதான் சொன்னார்கள். சாவி கைக்கு வர நான்கு வருடம் ஏழு மாதம் ஆயிற்று. 24,000 ரூபாயை அந்த 55 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 436 ரூபாய். நான் கொடுத்த வாடகை 6,500. முன்பணத்துக்குத் தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்தேன். எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் வீடு இல்லை என்றவர்கள் இரண்டு பேர். பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு முறை மாறியது.

எங்கள் நடையில் பதினாறு குடும்பம். திரும்பி வந்தது பதினொன்று. வாடகை வீடு தேடி எங்கெங்கோ போனவர்களுக்குப் புது வீடு ஒதுக்கும் குலுக்கல் தேதியே எட்டவில்லை. அதனால் கிளம்பும் முன் எல்லாருடைய தொலைபேசி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த யோசனை அப்போது வரவில்லை, இன்றுவரை மனது ஆறவில்லை.

புது வீட்டில் கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் லிப்ட் நின்றுவிட்டால் மாமியார் அன்று முழுவதும் வீட்டுக்குள்தான்.

வடசென்னைக்காரன்

பேரம் பேசுங்கள், ஆனால் அங்கேயே இருந்துகொண்டு பேசாதீர்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட கட்டடம் அப்படியே சரிந்தது. சற்று முன்னர் எல்லாரும் வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். புதுக் கட்டடம் என்பதாலும் அசந்துவிடக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காவின் புது அடுக்குமாடிகளில் சுவரைக் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது. ஐஐடி நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். கட்டும்போதே போய்ப் பாருங்கள்.

மனு எழுதுபவர்

முதல் வேலை வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஒதுக்கீட்டை அம்மா பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இந்தக் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் பெயர் மாறி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. இரண்டு தலைமுறையாக வீடு ஒன்று, குடும்பம் இரண்டு மூன்று என்று ஆகிவிட்ட இடங்களே அதிகம். உங்கள் தம்பியின் குடும்பத்தைத் தனிக் குடும்பமாகப் பதிவு செய்யும்படி தனி மனு கொடுங்கள். தனி ரேஷன் அட்டை இருந்தால் நகலை இணையுங்கள். இப்போது விட்டால் பிறகு கேட்பது கடினம்.

"இதே இடத்தில்" என்பதை எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கம் போன குடும்பங்களில், வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் தொலைவு காரணமாகவே வேலையை இழந்தார்கள். பயனாளி பங்குத்தொகை, அதாவது புது வீட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், யார் பெயரில் கிரயப் பத்திரம், வரைபடத்தில் தரைத்தளக் கடைகள் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். அம்மாவுக்கு 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியில் அடையாள அட்டை கேளுங்கள். இட்லிக் கடைக்கு அது ஒரு சான்றாக இருக்கும்.

மூன்றாம் மாடி

அக்கா, நோட்டு போட்டாயிற்று. முதல் பக்கத்தில் உங்கள் யோசனைப்படி இருபத்து மூன்று எண்கள். வாரிசுச் சான்றுக்கு நேற்று விண்ணப்பித்தோம். தேதி, இடம், தம்பி குடும்பம் மூன்றையும் கேட்டு எழுதிய மனுவில் எங்கள் பிளாக்கில் பதினான்கு வீடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. திங்கட்கிழமை கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்: தரைத்தளத்தில், காலை பத்து மணி வரை மட்டும், ஆறடிக்கு நான்கடி இடம்.