ஒரே மனிதர், ஐந்து ஊர்: பெரியவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்த அனுபவங்கள்

கோப்புப்பூச்சி:

மூன்று வருடமாக ஒரு மனிதரைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். அவரோ 2002-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெயர் ஜான் டபிள்யூ. கார்ட்னர். நம் பக்கம் இவரை அறிந்தவர்கள் குறைவு. 1955 முதல் 1965 வரை நியூயார்க்கின் கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளைக்குத் தலைவர், அதாவது பெரும்பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற நாற்காலி. அங்கிருந்து நேராக அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் அமைச்சரவைக்குப் போய், சுகாதாரம், கல்வி, நலத்துறையை ஏற்றார். ஜான்சன் ஜனநாயகக் கட்சி, இவர் குடியரசுக் கட்சி. அந்தக் காலத்தில் அப்படியும் நடந்திருக்கிறது.

என் ஆய்வு 1966-ஐப் பற்றியது. அந்த ஜூலை 1-ஆம் தேதி மெடிகேர் தொடங்கியது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மருத்துவக் காப்பீடு அது. அதற்குள் ஒரு முடிச்சு இருந்தது. 1964-இன் சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவுப்படி, இனப் பாகுபாடு காட்டுகிற இடத்துக்கு மத்திய அரசின் பணம் போகக் கூடாது. அப்போது தெற்கு மாநிலங்களின் ஏராளமான மருத்துவமனைகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டுதான், சில இடங்களில் அனுமதியே கிடையாது. மெடிகேர் பணம் வேண்டும் என்றால் இதை மாற்று என்றது கார்ட்னரின் துறை. வெவ்வேறு பிரிவுகளிலிருந்து ஆட்களை இரவல் வாங்கி, ஊர் ஊராக அனுப்பிச் சரிபார்த்தார்கள். நீதிமன்றம் பல வருடம் இழுத்திருக்கக் கூடியதை, ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் சில மாதத்தில் செய்து முடித்தன. பணம் வாசலில் காத்திருந்தால் கொள்கை எவ்வளவு வேகமாக நடக்கிறது பாருங்கள்.

சரி, இந்த மனிதரின் தாள்களைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் வேடிக்கை. அவருடைய சொந்தத் தாள்கள் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில். அவர் படித்ததும் கடைசிக் காலத்தில் கற்பித்ததும் அங்கேதான். கார்னகி காலத்துக் கோப்புகள் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலகத்தில். அமைச்சர் காலத்துக் கோப்புகள் அரசுக்குச் சொந்தம் என்பதால், மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் தேசிய ஆவணக் காப்பகத்தின் 235-ஆம் தொகுதியில். ஜான்சனோடு நடந்த விவகாரங்கள் டெக்சஸ் ஆஸ்டினில், ஜான்சன் நூலகத்தில். 1970-இல் அவர் தொடங்கிய 'காமன் காஸ்' மக்கள் இயக்கத்தின் பதிவுகள் பிரின்ஸ்டனின் மட் நூலகத்தில். ஆக மொத்தம் ஐந்து ஊர். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போவது போல் ஒவ்வொரு ஊராகப் போய்வந்தேன்.

முதல் பயணத்தில் நான் பட்ட அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகள் வளாகத்துக்கு வெளியே கிடங்கில் இருக்கும், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும் என்று இணையதளத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஜம்பமாகப் போய் நின்றேன். மேசையில் இருந்த அம்மா பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு பென்சிலைக் கையில் கொடுத்தார். பேனாவுக்கு அனுமதி இல்லை. இரண்டு நாள் பென்சிலும் நானுமாக வளாகத்தைச் சுற்றினோம்.

பெட்டி வந்தது. ரகசியம் கொட்டும் என்று நினைத்தேன். சொற்பொழிவு வரைவு, அழைப்பிதழ், நன்றிக் கடிதம், மறுபடியும் சொற்பொழிவு வரைவு. ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர்தான் மேசையில் இருக்கலாம், அதனால் அலுப்பையும் வரிசை மாறாமல்தான் பட வேண்டும். 1968-இல் அவர் பதவி விலகியதற்கு வியட்நாம் போர் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். அதற்கு ஒரே தாளில் விடை இருக்கும் என்ற நப்பாசையில்தான் நானும் போனேன். காரணத்தை யாரும் தலைப்பு போட்டு ஃபோல்டரில் வைத்துவிட்டுப் போவதில்லை.

ஆனால் மூன்றாவது ஊரில் வேறொன்று பிடிபட்டது. 1964-இல் ஜான்சன் கல்வி பற்றி ஒரு பணிக்குழு அமைத்தார். தலைவர் கார்ட்னர். அதன் யோசனைகளின் தொடர்ச்சியாகத்தான் 1965 ஏப்ரலில் பள்ளிக் கல்விச் சட்டம் வந்தது. அப்போது அவர் அமைச்சர் இல்லை, கார்னகியின் தலைவர். அப்புறம் கார்னகி அமைத்த கல்வித் தொலைக்காட்சி ஆணையம் 1967 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது, அதே நவம்பரில் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார். இந்த முறை கார்ட்னர் அரசாங்கத்தின் பக்கம். கொடுக்கிற கையும் வாங்கிக்கொள்கிற கையும் இப்படி அடிக்கடி இடம் மாறிய ஒருவரின் கதையில், எந்தத் தாள் அறக்கட்டளையுடையது, எந்தத் தாள் அரசுடையது, எது அவருடையது? காப்பகங்கள் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கின்றன. அவர் வாழ்ந்ததில் அந்தக் கோடு இல்லை. ஒரே ஊரில் உட்கார்ந்து படித்தால் பாதி மனிதர்தான் கிடைப்பார் என்பது என் அனுபவம்.

உங்களில் யாராவது இப்படிப் பெட்டி திறந்திருந்தால் சொல்லுங்கள். யாருடைய பெட்டியாக இருந்தாலும் சரி.

ஸ்டேபிள் பிடுங்கி:

நான் மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள். மேற்படிப்பின்போது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் மணிக்கூலிக்கு இந்தப் பெட்டிகளை ஒழுங்கு செய்யும் வேலை பார்த்தேன். என் பெயரே சொல்லும், முழுநாளும் துருப்பிடித்த ஸ்டேபிளையும் ஜெம் கிளிப்பையும் பிடுங்குவதுதான் வேலை. துரு தாளைத் தின்றுவிடும். செய்தித்தாள் நறுக்கு இருந்தால் அமிலமில்லாத தாளில் நகலெடுத்து வைப்போம், இல்லாவிட்டால் பக்கத்துத் தாளும் சேர்ந்து மஞ்சளாகிவிடும்.

சார் சொன்ன அலுப்பு எங்களுக்கு இரட்டிப்பு. ஆனால் அதில் கை வைக்க முடியாது. அந்தப் பெரியவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நமக்குக் குப்பையாகத் தெரிகிற அடுக்கு, அவருடைய செயலாளர் யோசித்துச் செய்ததாக இருக்கும். ஒரு பெரிய மனிதரின் தாள்கள் என்கிறோம், பாதி அந்தச் செயலாளர் அம்மாவின் தாள்கள்தான். கார்பன் நகலின் கீழே இரண்டு எழுத்தில் தட்டச்சு செய்தவரின் பெயர் முதலெழுத்து இருக்கும். அவர் யாரென்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

சில ஃபோல்டர்களைத் தனியாக எடுத்து மூடி வைப்போம். ஊழியர் மதிப்பீடு, மருத்துவ விவரம், வரிக் கணக்கு, யாருக்காவது கொடுத்த பரிந்துரைக் கடிதம், இதெல்லாம் இத்தனை வருடத்துக்குப் பின்தான் என்று இருக்கும். குடும்பம் தாள்களைக் கொடுக்கும்போதே நன்கொடைப் பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். பட்டியலில் ‘தடை’ என்று பார்த்ததும் ஏதோ சதி என்று ஆராய்ச்சியாளர்கள் குதிப்பார்கள். பத்தில் ஒன்பது முறை உள்ளே யாரோ ஒருவருடைய சிறுநீரகக் கல்தான்.

சொந்தம், அரசு என்று பிரிப்பது பற்றி ஒன்று. 1978-இல் சட்டம் வரும்வரை அமெரிக்க ஜனாதிபதியின் தாள்களே அவருடைய சொந்தச் சொத்துதான். பதவி முடிந்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். நிக்சன் விவகாரத்துக்கு அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள்.

தஞ்சைப் பேத்தி:

என்னுடையது ஃபோர்டு அறக்கட்டளைக் கதை. டக்ளஸ் என்ஸ்மிங்கர் என்பவரைத் தேடிப் போனேன். அமெரிக்க வேளாண் துறையில் கிராம சமூகவியல் பார்த்த அரசு ஊழியர். 1951-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பிரதிநிதியாக டெல்லிக்கு வந்து 1970 வரை இருந்தார். நேரு எப்போது வேண்டுமானாலும் சந்திக்கக்கூடிய ஆள். நம் ஊரில் ஒரு கலெக்டர் இரண்டு வருடம் தாண்டுவதே பெரிது, இவர் பத்தொன்பது வருடம்.

நான் போனதற்கு உண்மையான காரணம் என் தாத்தா. அவர் தஞ்சாவூர் மாவட்டத்தில் கிராம சேவக். 1960-61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தபோது முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. பின்னால் ஃபோர்டு அறக்கட்டளை இருந்தது. கடன், விதை, உரம், பூச்சிமருந்து, ஆலோசனை எல்லாம் சேர்த்து ஒரே கட்டாகக் கொடுப்பது. வீட்டில் தாத்தா ‘பேக்கேஜ் புரோகிராம்’ என்றே சொல்வார். ஆடுதுறை 27 நெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

என்ஸ்மிங்கரின் தாள்கள் நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தில். ஃபோர்டு அறக்கட்டளையின் பதிவுகள் நியூயார்க்குக்கு வடக்கே ஸ்லீப்பி ஹாலோவில், ராக்ஃபெல்லர் ஆவணக் காப்பகத்தில். ஹட்சன் ஆற்றை ஒட்டி ரயில் போகும், காப்பகம் ஒரு பழைய மாளிகையில். ஒரு பணக்காரரின் பணம் செலவான கணக்கை இன்னொரு பணக்காரரின் வீட்டில் உட்கார்ந்து படிப்பது எனக்கு விநோதமாக இருந்தது.

பணியிலிருந்து வந்தபின் என்ஸ்மிங்கர் தம் நினைவுகளை நீளமாகச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். படிக்கச் சுவையானது, ஆனால் அதை மட்டும் நம்பினால் வம்பு. எல்லாம் முடிந்த பிறகு சொல்வதில் எல்லோருமே கொஞ்சம் புத்திசாலியாகிவிடுகிறோம். நான் ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த வருடக் கடிதத்தோடு ஒத்துப் பார்த்தேன்.

தஞ்சாவூர் என்ற பெயரை முதல்முறை ஒரு தட்டச்சுத் தாளில் பார்த்தபோது கண் கலங்கியது உண்மை. அப்புறம் போகப் போக எரிச்சல் வந்தது. ஏக்கர், டன், மூட்டை. நான் கேட்டு வாங்கிய பெட்டிகளில் ஒரு விவசாயத் தொழிலாளியின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. விளைச்சல் ஏறிய அதே மாவட்டத்தில் கூலிக்காகப் போராட்டம் நடந்தது, 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். என்ஸ்மிங்கர் அப்போது டெல்லியில்தான் இருந்தார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மேலே இருந்து பார்க்கிற தாளில் எது தெரியும், எது தெரியாது என்பதைச் சொல்கிறேன்.

தாத்தாவுக்கு டைரி எழுதுவது வேலையின் ஒரு பகுதி. எந்த ஊர், யார் வயல், யார் உரம் போட மறுத்தார்கள், சைக்கிள் எங்கே பஞ்சர். அந்த டைரிகள் எங்கள் வீட்டுப் பரணில். அவரும் அரசு ஊழியர்தானே. யேலில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது உறைத்தது.

எழும்பூர் வாசகர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊரில் எழும்பூர் ஆவணக் காப்பகம் 1909-லிருந்து இருக்கிறது. போனால் அரசாணை கிடைக்கும், கோப்பு கிடைக்கும். அதிகாரியின் மேசை இழுப்பறையில் இருந்தது கிடைக்காது. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் தாள்களைப் பார்க்க நான் டெல்லி தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்துக்குத்தான் போனேன். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள் வீட்டில் நடப்பது என்னவென்றால், பதினாறாம் நாள் முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்காரர் வருவார். இரண்டு வீட்டில் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் எடை போட்டு முடித்த பிறகு போய்ச் சேர்ந்தேன்.

கார்ட்னர் மாதிரி அரசும் அறமும் கலந்த ஆள் நம்மிலும் உண்டு, மால்கம் ஆதிசேசய்யா. வேலூர்க்காரர். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர்வரை போனவர். திரும்பி வந்து 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாநிலங்களவை நியமன உறுப்பினர். யுனெஸ்கோ காலத்துக் கோப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் பாரிஸ், மற்றதற்கு அடையாறு, டெல்லி. அவரை எழுதப் போகிறவரும் ஊர் ஊராக அலையத்தான் வேண்டும்.

பேத்தி அம்மா, அந்த டைரிகளைப் பரணில் வைக்காதீர்கள். மழைக்காலம் வருகிறது.

கோப்புப்பூச்சி:

@ஸ்டேபிள் பிடுங்கி, அந்த இரண்டெழுத்தை இத்தனை நாள் பார்த்தும் நான் யோசித்ததே இல்லை. என் குறிப்புகளில் நகலெடுத்த படங்களை நேற்று மறுபடி திறந்து பார்த்தேன். ஒரே முதலெழுத்து வருடக்கணக்கில் வருகிறது. இப்போது இரண்டாவதாக ஒரு ஆளைத் தேட வேண்டும்.

@தஞ்சைப் பேத்தி, அக்கா, டைரிகளை ஒரு தடவை படம் பிடித்துவிடுங்கள். ஃபோன் கேமரா போதும், ஃபிளாஷ் வேண்டாம். அட்டையையும் சேர்த்து எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள்.

தஞ்சைப் பேத்தி:

நேற்று இறக்கியாச்சு. மொத்தம் ஒன்பது டைரி. இரண்டில் ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது, எழுத்து தப்பித்தது. 1964 மட்டும் காணோம். அம்மாவைக் கேட்டேன். அந்த வருடத்தில் பின்பாதி காலியாக இருந்ததாம், பால் கணக்கு எழுத அவள்தான் எடுத்துக்கொண்டாளாம். இன்று சமையலறை மேல் தட்டைப் பார்க்கப் போகிறேன்.