மறு: மறு: மறு: கிடைமட்ட மரபணு மாற்றம் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மயூர் விஹார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். (புதியவர்களுக்கு: இங்கே அவரவர் இருக்கும் டெல்லிப் பகுதியின் பெயராலேயே எழுதுகிறோம்.) திரிலோக்புரியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்க ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு துண்டறிக்கை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நவம்பர் 18 அன்று விழிப்புணர்வு வாரம் தொடங்குகிறது, அச்சகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். ஹாரிசாண்டல் ஜீன் டிரான்ஸ்ஃபர் வரும் இடத்தில் "கிடைமட்ட மரபணு மாற்றம்" என்று போட்டு, எங்கள் மாடியில் வேலைக்கு வரும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யாரு கிடையில கெடக்காங்க?" என்று கேட்டார். சரிதான், படுத்த படுக்கையாக இருப்பவரைத்தானே ஊரில் அப்படிச் சொல்வோம். யாராவது கைகொடுங்கள்.

முனிர்கா எழுதியது:

அக்கா, கிடையைவிட "மாற்றம்"தான் பெரிய தொல்லை. மரபணு மாற்றம் என்றால் ஜனங்களுக்கு பி.டி. கத்தரிக்காய் நினைவுக்கு வரும், பள்ளியில் படித்தவர்களுக்கு மியூட்டேஷன், அதாவது ஜீனே திரிந்துபோவது. இங்கே ஜீன் மாறவில்லை, ஆள் மாறுகிறது. ஒரு பாக்டீரியாவிடம் இருப்பது அதன் பிள்ளையே இல்லாத இன்னொன்றுக்குப் போகிறது. செத்த பாக்டீரியா சிந்திய டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்வது ஒரு வழி, 1928இல் கிரிஃபித் எலிகளை வைத்துக் கண்டது இதைத்தான். வைரஸ் தவறுதலாகச் சுமந்து வருவது இன்னொன்று. இரண்டு பாக்டீரியா ஒட்டிக்கொண்டு பிளாஸ்மிடை (உள்ளே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) கொடுப்பது மூன்றாவது, மருத்துவமனைகளில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது பெரும்பாலும் இதுதான்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. டெல்லியில் சிகிச்சை பெற்றுப் போன ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் கண்டு 2009இல் எழுதிய என்டிஎம்-1, பல ஆன்டிபயாட்டிக்குகளை முறிக்கவைக்கும் ஜீன். அவர் உடம்பில் கிளெப்சியெல்லாவிலும் இருந்தது, ஈ.கோலையிலும் இருந்தது. இரண்டும் வேறு வேறு பாக்டீரியா இனம், தாய் பிள்ளை உறவு கிடையாது.

ஜனக்புரி எழுதியது:

மரபணுப் பெயர்ச்சி?

ஆர்.கே.புரம் எழுதியது:

எந்த ராசிக்கு நல்லது என்று கேட்பார்கள். "கடத்தல்" என்று அடுத்து யாரும் சொல்லவேண்டாம், ஏர்போர்ட்டில் பிடித்த தங்கம்தான் ஞாபகம் வரும்.

கரோல் பாக் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதலில் என்டிஎம் என்பதில் "என்டி" நியூ டெல்லி என்பதைத் தம்பி நைசாகத் தாண்டிவிட்டார். ஊர்ப் பெயரை வைத்ததற்கு லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியரே 2011இல் மன்னிப்புக் கேட்டார், பெயர் மட்டும் ஒட்டியது ஒட்டியதுதான். அதனால்தான் சொல்கிறேன், அவசரத்தில் பெயர் வைக்காதீர்கள்.

சொல்லுக்கு வருவோம். மரபு என்றாலே முன்னோர் வழி வருவது. வழிவழி வராத ஒன்றை மரபணு என்று தொடங்குவதே முரண். கரிகாலனைப் பற்றிப் பொருநராற்றுப்படை "தாய்வயிற்றிருந்து தாயம் எய்தி" என்கிறது, தாயின் வயிற்றில் இருக்கும்போதே பரம்பரை உரிமை பெற்றான் என்று. வெர்டிகலை, அதாவது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதை, இதைவிடத் துல்லியமாக எவர் சொல்வார்? ஆக, பிள்ளைக்குப் போவது தாயம். அக்கம்பக்கத்துக்குப் போவது அயல்தாயம். தாய், தாயம், தாயாதி எல்லாம் ஒரே வேர்.

ஆர்.கே.புரம் எழுதியது:

ஐயா, வகுப்பில் தாயம் என்றால் பிள்ளைகள் சோழியைத் தேடுவார்கள். அப்புறம், வடமொழியிலும் "தாய" பங்கு என்ற பொருளில் இருக்கிறது, தாயபாகம் என்று ஒரு சட்ட நூலே உண்டு. தூய தமிழுக்காகத்தானே இத்தனை பாடு?

என் வாக்கு "மரபணுக் கைமாற்று"க்கு. பத்திரம் இல்லை, வட்டி இல்லை, சொந்தமாக இருக்கவேண்டியதும் இல்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

கரோல் பாக் எழுதியது:

(தாயம் வடமொழி அல்ல என்பதற்கான நான்கு பத்திகளைத் தனி இழைக்கு நகர்த்திவிட்டேன், மட்டுறுத்துநர் கேட்டுக்கொண்டதால்.) கைமாற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் அம்மா. பாக்டீரியா திருப்பித் தருமா? கொடுத்தவன் கையிலும் அவ்வளவு குறையும்.

முனிர்கா எழுதியது:

ஐயா சொல்வதில் பாதி சரி. பிளாஸ்மிடைக் கொடுக்கும் பாக்டீரியா ஓர் இழையை அனுப்பிவிட்டு மற்ற இழையிலிருந்து தன்னுடையதைப் புதுப்பித்துக்கொள்ளும். எதுவும் குறையாது. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற மாதிரி. கொடுத்தவர் பானையும் நிறைந்திருக்கும், மறுநாள் நம் பானையும் நிறைந்துவிடும், யாரும் திருப்பிக் கேட்பதில்லை. என்ன, மோரில் போவது முழு பாக்டீரியா, ஜீன் மட்டும் அல்ல. அதனால் "உறைமோர்" என்று கலைச்சொல் வைக்க முடியாது.

இந்த வாங்கல் கொடுக்கல் எவ்வளவு என்றால், 2002இல் மூன்று ஈ.கோலை வகைகளை ஒப்பிட்டபோது மூன்றுக்கும் பொதுவாக இருந்த புரதங்கள் 39 விழுக்காடு சொச்சம்தான். பெயர் ஒன்று, வீட்டுச் சாமான் வேறு வேறு.

கரோல் பாக் எழுதியது:

அப்படியானால் அதை "இனம்" என்பதே தகுமா? தொல்காப்பியர் மரபியலில்...

மயூர் விஹார் எழுதியது:

ஐயா, மன்னிக்கவும், நாளை வெள்ளி. மாடி அக்காவிடம் மறுபடி போனேன். "கைமாத்துன்னா தெரியுமே, ஆனா கிருமி யாருகிட்ட வாங்குது?" என்றார். அந்தக் கேள்வியையே துண்டறிக்கையில் வைத்துக்கொண்டேன்:

"மருந்துக்குச் சாகாத கிருமி, அந்தத் திறமையைத் தன் குட்டிகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் கொடுத்துவிடும். இதுதான் மரபணுக் கைமாற்று."

ஆர்.கே.புரம், முனிர்கா ஆதரவு. ஜனக்புரி "எதுவானாலும் சரி" என்று தனிமடல் போட்டிருக்கிறார். அனுப்புகிறேன்.

கரோல் பாக் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். அயல்தாயம். பிளாஸ்மிடைக் கணிமி என்று எழுதினீர்களா? அதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு.

மயூர் விஹார் எழுதியது:

ஐயா, துண்டறிக்கையில் பிளாஸ்மிடு வரவே இல்லை.